ஆலையை நிறுத்தாமல் வண்டை நிறுத்த முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாவுப் பாக்கெட்டில் வண்டு இருந்தது பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். ஆலை முழுவதும் மருந்து அடித்தாயிற்று, இனிப் பிரச்சினை இல்லை என்று நிர்வாகம் சொன்னதாகச் செய்தி முடிந்திருந்தது. மாவு ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சல்லடை, உருப்பெருக்கி, பூச்சி பிடிக்கும் பொறி அட்டை என்றே என் பொழுது போகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மருந்து அடித்த அன்றைக்கு வண்டு சாகும், அடுத்த மாதம் திரும்ப வரும். வராமல் இருக்க வேண்டுமென்றால் இயந்திரங்களை நிறுத்தித் திறந்து, உள்ளே தேங்கிக் கிடக்கும் பழைய மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். மருந்துக்குப் பணம் ஒதுக்கத் தயங்காத நிர்வாகங்கள் இந்த நேரத்தை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கின்றன. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் பூச்சி இருந்தால் அது ஆலையில்தான் ஏறியது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. தானியத் துளைப்பான் வண்டும் சில அந்துப்பூச்சிகளின் புழுக்களும் காகிதத்தையும் மெல்லிய பிளாஸ்டிக்கையும் வெளியிலிருந்தே கடித்துத் துளைத்து உள்ளே போகும். துளைக்கத் தெரியாத மாவு வண்டுகூட, ஓரம் சரியாக ஒட்டாத இடம் கிடைத்தால் புகுந்துவிடும். கிடங்கிலோ கடையிலோ வீட்டிலோகூட ஏறியிருக்கலாம். ஆனால் இதையே சாக்காக வைத்து, "எங்கள் ஆலையிலிருந்து போகவே இல்லை" என்று கைகழுவும் வழக்கமும் இருக்கிறது. அதை ஏற்க முடியாது. தன் ஆலையில் வண்டே இல்லை என்று சொல்பவர் இயந்திரத்தைத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மாவு ஆலையின் முக்கியமான எதிரி சிவப்பு மாவு வண்டு. நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். முழுத் தானியத்தைக் கடித்துத் துளைக்க இதற்குத் தெம்பு கிடையாது. உடைந்த தானியமும் மாவும் தூசும்தான் இதற்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைத்தான் ஆலை இரவும் பகலும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. பெண் வண்டு ஒன்று தன் ஆயுளில் 300 முதல் 500 முட்டை வரை இடும். முட்டையின் மேல் பசை இருப்பதால் மாவுத் துகள் ஒட்டிக்கொள்ளும், வெறுங்கண்ணால் மாவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 30 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் இருந்தால் முட்டை வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம், 35 டிகிரியை ஒட்டி இருந்தால் மூன்று வாரம் போதும். வெளியே மழையோ குளிரோ, மோட்டாரும் ரோலரும் உரசிச் சூடேறும் ஆலைக்குள் வருடம் முழுவதும் அந்த வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. வளர்ந்த வண்டு ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். எண்ணிக்கை மிகுந்துவிட்டால் அவை சுரக்கும் குயினோன் என்ற வேதிப்பொருளால் மாவு லேசாக இளஞ்சிவப்பு நிறம் தட்டி, மூக்கை அரிக்கும் ஒரு நெடி அடிக்கும். அந்த மாவை எதற்கும் பயன்படுத்த முடியாது.

இவை குடியிருப்பது எங்கே? ஆலையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் தரையையும் சுவரையும் பார்த்துவிட்டு, பளிச்சென்று இருக்கிறதே என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். தரை ஒரு நாளும் பெரிய பிரச்சினை இல்லை. தரையில் கொட்டினால் கண்ணுக்குத் தெரியும், கூட்டிவிடுவார்கள். இயந்திரத்துக்குள் மாவு ஓடும் பாதையில், ஓட்டம் படாமல் ஒதுங்கி நிற்கும் மூலைகள்தான் பிரச்சினை. மாவை வாளி வாளியாக அள்ளி மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டரின் அடிப்பகுதியை நாங்கள் பூட் என்போம். பக்கெட்டுகள் எவ்வளவு அள்ளினாலும் அதன் அடியில் இரண்டு மூன்று விரல்கடை மாவு எட்டாமல் நிற்கும். மாதக்கணக்கில் திறக்காத ஒரு பூட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். மேலே புது மாவு வெள்ளையாக இருக்கும். அதைக் கரண்டியால் விலக்கினால் கீழே பழுப்பேறி, இறுகி, கைவைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கட்டியை உடைத்து வெள்ளைக் காகிதத்தில் தட்டிவிட்டு அப்படியே விட்டால், கொஞ்ச நேரத்தில் மாவு தானாக அசைய ஆரம்பிக்கும். மஞ்சள் கலந்த வெளிர் நிறப் புழுக்கள், வெள்ளைக் கூட்டுப்புழுக்கள், சிவப்பு வண்டுகள், உரித்துப்போட்ட தோல்கள் என்று ஒரு வம்சமே அங்கே இருக்கும். எலிவேட்டர் ஓடும்போது அங்கிருந்து சிலபல முட்டைகளும் வண்டுகளும் புது மாவோடு கலந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

பூட் ஒரு உதாரணம்தான். சுழலும் திருகால் மாவைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூ கன்வேயரில் மாவு வெளியேறும் வாயைத் தாண்டி இருக்கும் கடைசிச் சாண், அடுக்குச் சல்லடை இயந்திரமான பிளான்சிஃப்டரின் சல்லடைச் சட்டங்களுக்கு நடுவே உள்ள விளிம்பு, சாய்வுக் குழாய்கள் வளையும் இடம், மின் கம்பி போகும் குழாய், கேபிள் தட்டு என்று இண்டு இடுக்குகளுக்குக் குறைவில்லை. இயந்திரங்களைத் தாங்கும் இரும்புக் கால்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமான குழாய்கள். அதில் போல்ட்டுக்காகப் போட்ட துளை வழியே வருடக்கணக்கில் மாவுத் தூசு இறங்கி நிரம்பியிருக்கும். வெளியிலிருந்து தட்டிப் பார்த்தால் சத்தம் மந்தமாக வரும். அந்தத் துளைகளைப் பற்றவைத்து அடைத்தாலே பாதித் தொல்லை தீரும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். அந்துப்பூச்சி இனத்தில் மாவு அந்து என்று ஒன்று உண்டு. அதன் புழு நூல் நூற்று மாவைக் கட்டியாகப் பிணைத்துக் குழாயையே அடைத்துவிடும். மாவு இறங்கவில்லை என்று திறந்து பார்த்தால் நூலாம்படை மாதிரித் தொங்கும்.

இந்த நிலையில்தான் "மருந்து அடித்துவிட்டோம்" என்பதைப் பார்க்க வேண்டும். இன்று தானியத்துக்கும் கிடங்குக்கும் உலகமெங்கும் அதிகம் பயன்படுவது பாஸ்பைன் வாயு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு வினைபுரியும்போது அது வெளிவருகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயு தரும். முன்பு ஆலைகளுக்கு மீதைல் புரோமைடு இருந்தது, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அது ஓசோன் படலத்தை அரிப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் வளரும் நாடுகள் 2015க்குள்ளும் கைவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சை, தொற்றுத்தடுப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. பாஸ்பைன் அவ்வளவு வேகமானது அல்ல. புழுவும் வண்டும் சீக்கிரம் செத்துவிடும், ஆனால் முட்டையும் கூட்டுப்புழுவும் தாக்குப்பிடிக்கும். அவை அடுத்த பருவத்துக்கு வளரும்வரை வாயு உள்ளே நிற்க வேண்டும். அதனால் அளவைக் கூட்டுவதை விட நாளைக் கூட்டுவதுதான் பலன் தரும். ஐந்து முதல் ஏழு நாள், குளிர் இருந்தால் இன்னும் கூடுதலாக, கசியாமல் மூடி வைக்க வேண்டும். இதற்கு மேல், செம்பை அரிக்கும் குணமும் அதற்கு உண்டு. மோட்டாரும் மின் பலகையும் நிறைந்த ஆலைக் கட்டடத்துக்கு அதை இறக்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

நடப்பது என்ன? வாரக் கடைசியில் ஒன்றரை நாள் கிடைக்கும். ஜன்னல் இடுக்கெல்லாம் சரியாக ஒட்டியும் ஒட்டாமலும் மாத்திரையை வைப்பார்கள். திங்கட்கிழமை காலை தரையெங்கும் செத்த வண்டு. எல்லோருக்கும் திருப்தி. பூட்டின் அடியில் இறுகிய மாவுக் கட்டிக்குள் இருந்த முட்டைகளுக்கும் கூட்டுப்புழுக்களுக்கும் அந்த ஒன்றரை நாள் கசிவு வாயுவால் பெரிய சேதம் எதுவும் வந்திருக்காது. இதில் தப்பிப் பிழைப்பவை எவை என்று யோசித்துப் பாருங்கள். வாயுவைத் தாங்கும் பரம்பரைக் குணம் உள்ளவைதான் பிழைத்துப் பெருகும். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1972–73இல் உலகளவில் நடத்திய கணக்கெடுப்பிலேயே பாஸ்பைனைத் தாங்கும் பூச்சிகள் பதிவாகிவிட்டன. அதற்குப் பிறகு தானியத் துளைப்பான், மாவு வண்டு, துரு நிறத் தானிய வண்டு ஆகியவற்றில் மிகக் கடுமையான எதிர்ப்பு பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. கசியும் கட்டடத்தில் அரைகுறையாக வைக்கும் ஒவ்வொரு மாத்திரையும் அந்த எதிர்ப்பை வளர்க்கிறது. கையில் மிஞ்சியிருக்கும் மலிவான, எச்சம் அதிகம் விடாத வாயு இது ஒன்றுதான். இதையும் வீணாக்கிவிட்டால் தானியத்தைக் காப்பாற்ற என்ன செய்யப்போகிறோம் என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அப்படியானால் வாயுவே வேண்டாமா என்று கேட்பார்கள். தானியம் சேமிக்கும் உயரமான கொள்கலனான சைலோவில் கிடக்கும் தானியத்துக்கு அது வேண்டும், முறையாக வேண்டும். ஏனென்றால் தானியத்தோடு வரும் பூச்சி வேறு ரகம். கூன்வண்டின் பெண் தன் மூக்கால் மணியில் குழி தோண்டி ஒரு முட்டை இட்டு, பசையால் வாயை மூடிவிடும். புழு, கூட்டுப்புழு இரண்டும் அந்த மணிக்குள்ளேயே கழியும். வெளியே பார்த்தால் மணி முழுசாகத்தான் இருக்கும், சலித்தாலும் தெரியாது. அதை அப்படியே அரைத்தால் புழு துண்டு துண்டாக மாவில் கலக்கும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கோதுமை மாவில் 50 கிராமுக்குச் சராசரியாக 75 பூச்சித் துண்டு என்பதை, எட்டினால் நடவடிக்கை எடுக்கலாம் என்ற வரம்பாக வைத்திருக்கிறது. அந்த எண்ணைக் கேட்டுப் பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தத் துண்டுகளில் பெரும்பகுதி அரைப்பதற்கு முன்பே மணிக்குள் இருந்தவை. எனவே தானியம் வந்திறங்கும் இடத்திலேயே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்து வாங்குவதும், ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகாமல் காற்றோட்டம் கொடுத்துக் குளிர வைப்பதும்தான் அதற்கு மருந்து. தானியக் குவியலின் வெப்பத்தை 15 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலான பூச்சிகளின் பெருக்கம் கிட்டத்தட்ட நின்றே போகும்.

ஆலைக் கட்டடத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. வெப்ப சிகிச்சை. இது புதிது அல்ல. 1910களிலேயே அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஆலைகளில் நீராவிக் குழாய்களை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள். கட்டடத்தின் உள் வெப்பத்தை மெதுவாக ஏற்றி, 50 முதல் 60 டிகிரி செல்சியசில் ஒரு நாள் அளவுக்கு நிறுத்தி வைக்க வேண்டும். எல்லாப் பருவமும் சாகும், விஷம் எதுவும் மிஞ்சாது. ஆனால் இங்கேயும் பழைய மாவு குறுக்கே நிற்கும். குவிந்த மாவு வெப்பத்தை உள்ளே விடாது. மேல்பரப்பு 55 டிகிரி காட்டும்போது நாலு விரல் ஆழத்தில் வண்டு சௌகரியமாக இருக்கும். ஆகவே வெப்ப சிகிச்சைக்கு முன்னால் இயந்திரங்களைக் காலி செய்து திறந்து வைப்பது கட்டாயம். வெப்பமானியைச் சுவரில் மாட்டிவைத்துப் பார்த்தால் போதாது. தரை மூலையில், பூட்டின் அடியில், வெளிச்சுவர் ஓரத்தில் வைக்க வேண்டும், வண்டு குளிர்ந்த இடம் தேடி ஓடுவது அங்கேதான். பெரிய மின்விசிறிகள் காற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தீயணைப்புத் தெளிப்பான், மின்னணுப் பலகை, பெல்ட் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்துப் பாதுகாக்க வேண்டும். எந்த வழியை எடுத்தாலும் முதல் வேலை திறந்து சுத்தம் செய்வதுதான் என்பதைக் கவனியுங்கள்.

கடைசிக் கட்டத்தில் எண்டோலெட்டர் என்ற ஒரு இயந்திரம் பல ஆலைகளில் இருக்கிறது. வேகமாகச் சுழலும் தட்டில் மாவை இறக்கி, ஊசிகளிலும் சுற்றுச் சுவரிலும் மோத வைத்து முட்டையையும் புழுவையும் நசுக்கிவிடும். நல்ல இயந்திரம். ஆனால் அதற்கும் பாக்கெட் போடும் இடத்துக்கும் நடுவில் உள்ள தொட்டியும் குழாயும் அழுக்காக இருந்தால் அங்கே திரும்ப ஏறிவிடும். எண்டோலெட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதற்குப் பிறகு வரும் தொட்டியின் உள்விளிம்பை ஒரு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

சுத்தம் என்றதும் அழுத்தக் காற்றுக் குழாயை எடுத்து ஊதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஊதினால் மாவு போகாது, இடம் மாறும். முட்டையும் தூசும் பறந்து மேலே உத்தரத்திலும் விளக்கிலும் போய் உட்காரும். இதை விடப் பெரிய ஆபத்து, காற்றில் மிதக்கும் மாவுத் தூசு ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். 1878 மே 2 அன்று மினியாபோலிசில் வாஷ்பர்ன் 'ஏ' ஆலை அப்படித்தான் வெடித்து 18 பேர் உயிரைக் குடித்தது. தூசு வெடிக்காத வகையில் செய்த வாக்குவம் கருவியும் தூரிகையும் சுரண்டியும்தான் சரியான கருவிகள். அள்ளிய மாவை அப்போதே மூட்டை கட்டி வெளியேற்ற வேண்டும். மூலையில் வைத்தால் மறுநாள் அதுவே புதுக் கூடாரமாகிவிடும்.

இப்போது பூச்சிப் பொறிகளுக்கு வருகிறேன். மாவு வண்டுக்கு இனக்கவர்ச்சி வாசனை வைத்த குழிப்பொறி, அந்துக்கு ஒட்டும் அட்டை என்று வைக்கிறோம். இவை பூச்சியைத் தீர்த்துவிடும் என்று நினைப்பது தவறு. அந்துப் பொறியில் வந்து விழுவது ஆண்பூச்சி மட்டும்தான், பெண் எங்கோ முட்டையிட்டுக்கொண்டிருக்கும். பொறி என்பது காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி. வாரா வாரம் எண்ணி, தேதியோடு எழுதி, எந்த மாடியில் எந்த மூலையில் எண்ணிக்கை ஏறுகிறது என்று வரைபடத்தில் குறித்தால், திறக்க வேண்டிய இயந்திரம் எது என்று அதுவே சொல்லிவிடும். ஓர் ஆலையில் ஒரே பொறியில் தொடர்ந்து எண்ணிக்கை ஏறியபோது, தணிக்கைக்கு முன்னால் அந்தப் பொறியை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்ற மாட்டேன் என்றேன். அது என் கையெழுத்து இருக்கும் பதிவேடு. எண்ணிக்கை ஏறினால் எண்ணியவரைக் கடிந்துகொள்ளும் இடத்தில் அடுத்த வாரமே எண்ணிக்கை தானாக இறங்கிவிடும், காகிதத்தில் மட்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாவு ஓடும் பாதையில் உள்ள ஒவ்வொரு தேங்குமிடத்தையும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாவது திறந்து சுத்தம் செய்யும்படி உற்பத்தி அட்டவணையிலேயே நிறுத்த நேரத்தை எழுதிவிடுங்கள். முட்டை வண்டாவதற்குள் அந்த மாவு வெளியே வந்துவிட்டால் அந்தத் தலைமுறை அங்கேயே அறுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டியதில்லை. ஒரு மாடியாக, ஒரு வரிசையாகச் சுற்றில் வரலாம். பூட்டுக்கு எட்டு போல்ட்டைக் கழற்றும் தகடு இருந்தால், அதை எடுத்துவிட்டுக் கையால் திறக்கும் கொக்கி வைத்த கதவு போடலாம். கழற்றுவது கஷ்டமாக இருக்கும் எதையும் யாரும் கழற்ற மாட்டார்கள், அது மனித இயல்பு. புது ஆலை கட்டுபவர்கள் தட்டையான விளிம்புகளைச் சரிவாக அமைக்கட்டும், குழாய்க் கால்களுக்குப் பதிலாகத் திறந்த கோணச் சட்டம் போடட்டும். விற்காமல் திரும்பி வரும் மூட்டைகளை நேராகப் புது மாவுக்குப் பக்கத்தில் அடுக்காமல் தனி அறையில் வைக்கட்டும். எத்தனையோ ஆலைகளில் சுத்தமான கிடங்குக்கு வண்டை அழைத்து வந்தது இந்தத் திரும்பிய சரக்குதான்.

இன்னொரு வேண்டுகோள் உங்களுக்கு. அடுத்த முறை உங்கள் செய்தியாளர் ஓர் ஆலைக்குப் போனால், எவ்வளவு மருந்து வைத்தீர்கள் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். கடந்த மூன்று மாதப் பொறிப் பதிவேட்டையும் இயந்திரங்களைத் திறந்த தேதிகளையும் காட்டச் சொல்லட்டும்.

அப்புறம், மாத்திரை வைக்கும் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்களைப் பற்றிச் செய்திகளில் வருவதே இல்லை. பாஸ்பைனுக்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு வாசனை அடித்தால் தெரிந்துவிடும் என்று நம்பி உள்ளே போகிறார்கள். அந்த வாசனை வாயுவில் கலந்திருக்கும் வேறு பொருட்களால் வருவது, ஆபத்தான அளவு இருக்கும்போதும் அது தெரியாமல் போகலாம். எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு பத்து லட்சத்தில் 0.3 பங்குதான், அதை மூக்கால் அளக்க முடியாது. வாயுமானி இல்லாமல் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ஒருவர் தனியாக உள்ளே போகக் கூடாது. வாயு வெளியேறிய பிறகு மிஞ்சும் சாம்பலிலும் கொஞ்சம் மருந்து உயிரோடு இருக்கும் என்பதால் அதைக் கோணியில் கட்டிக் குப்பையில் போடக் கூடாது, முறைப்படி செயலிழக்கச் செய்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். வாயுமானி வாங்கித் தராத ஒப்பந்ததாரருக்கு அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. உள்ளே போகச் சொல்லும் மேற்பார்வையாளர் முதலில் மானியின் அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அதற்குப் பிறகு ஆளை அனுப்பட்டும்.

இப்படிக்கு,
மாவு ஆலைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றும் உங்கள் வாசகர்